குற்றி ஆடக்கூடாது: ஏழு வருடம், மூன்று அல்பம்

வீடு கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம். யன்னலைத் திறந்து வைத்தால் நாலு நாளில் யன்னல் கொண்டியே துருப்பிடித்துவிடும், அப்படிப்பட்ட காற்று. இதை முதலில் சொல்வதற்குக் காரணம், நாணயக் குற்றிகளைச் சேர்த்து வைக்க வெளிநாட்டு ஆட்கள் "பிரச்சினையே இல்லை" என்று சொல்லும் பல சாமான்கள் இங்கே ஆறு மாதத்தில் கையை விரித்துவிடும்.

முதல் அல்பம் புறக்கோட்டையில் வாங்கியது. மெத்தென்ற பிளாஸ்டிக் பைகள், பக்கத்துக்கு இருபது, பார்க்க நல்ல வடிவு. திறந்தவுடன் புது மேசை விரிப்பு மணம் ஒன்று அடித்தது, அதை நான் புதுச்சாமான் வாசம் என்று நினைத்து மகிழ்ந்தேன்! அது பிவிசி என்ற பிளாஸ்டிக்கின் மணம். வளைய வேண்டும் என்பதற்காக அதில் சேர்க்கும் எண்ணெய்ப் பசை சூட்டிலும் ஈரத்திலும் கசியும், பிளாஸ்டிக்கும் மெல்ல மெல்ல உடைந்து அமிலம் விடும், செம்பு கலந்த குற்றி என்றால் பச்சைப் பிசுபிசுப்பாகப் பிடித்துவிடும். அம்மம்மாவின் தகரப் பெட்டியில் எத்தனையோ வருடம் ஒன்றும் ஆகாமல் கிடந்த ஜோர்ஜ் மன்னர் காலத்து ஒரு சதம், என் அழகான அல்பத்தில் இரண்டே வருடத்தில் பச்சையாகிவிட்டது. சுத்தமான அசிற்றோனில் ஊறவைத்து எடுத்தேன் (நகப்பூச்சு நீக்கி இல்லை, அதில் வேறு சாமான்கள் கலந்திருக்கும், யன்னலைத் திறந்து, நெருப்புப் பக்கம் போகாமல் செய்யுங்கள்). பசை போனது. அடியில் அரித்த புள்ளிகள் அப்படியே இருக்கின்றன.

அப்புறம் ஆட்டம். பை பெரிது, குற்றி சின்னது, பக்கம் புரட்டும்போதெல்லாம் உள்ளே சறுக்கும். ஒவ்வொரு தடவையும் மன்னர் தலைகீழாக நிற்பது ஒரு கரைச்சல் என்றால், அதைவிடப் பெரியது மேல்முகத்தில் விழும் மயிரிழைக் கீறல்கள். சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும், தெரிந்த பிறகு கண் வேறெங்கும் போகாது.

ஆகவே இரண்டாவது அல்பத்தில், இரண்டு அங்குலச் சதுர அட்டைகள். நடுவில் மைலார் என்ற மெல்லிய தெளிந்த பிளாஸ்டிக் யன்னல், மடித்து ஸ்ரேப்ளர் பின் அடிப்பது. யன்னல் அளவுதான் இங்கே எல்லாம். 1963இல் வந்த ஒரு ரூபா 25.4 மில்லிமீற்றர். 25 அட்டையில் விளிம்பு அட்டைக்குள் போய் மறைந்துவிடும், 27.5 எடுக்க வேண்டும். பதினொரு பக்கப் பத்து ரூபாவுக்கும் அதே அளவு சரி. பின் அடிக்கும்போது முதலில் மடிப்புக்கு எதிர்ப்பக்கம் ஒன்று, பிறகு அட்டையை நிமிர்த்தி, எழுத்து நேராக வரும்வரை விரலால் தட்டித் தட்டி, அதற்குப் பிறகே மற்ற இரண்டு பக்கமும். மூன்றையும் ஒரே மூச்சில் அடித்தால் சாய்ந்தபடியே பூட்டிக்கொள்ளும்.

பின்னின் பின்பக்கத்தைக் குறடால் நசுக்கித் தட்டையாக்காமல் விட்டது என் பெரிய பிழை. எதிர்ப் பக்கத்து அட்டையின் யன்னலைக் கிழித்து, 1957 புத்த ஜயந்தி ஒரு ரூபாவில் ஒரு கோடு. போதாததற்கு எங்கள் காற்றில் பின்னும் துரு. பசையால் ஒட்டும் அட்டைகளை முயன்றேன், ஏப்ரல் வெயிலில் பசை ஓரமாக வழிந்து இரண்டு அட்டை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. இப்போது துருப்பிடிக்காத பின்தான், குறடு மேசையிலேயே இருக்கும்.

அட்டைக்கு அடங்காதவையும் உண்டு. 1984இல் வந்த தடித்த ஐந்து ரூபா மூன்று மில்லிமீற்றருக்குக் கொஞ்சம்தான் குறைவு, பின் பிடிக்கவே பிடிக்காது. சதுர ஐந்து சதம் வட்ட யன்னலுக்குள் நாலு பக்கமும் இடைவெளியோடு நிற்கும், ஒரு தட்டில் திரும்பிவிடும். பிறகு என்னிடம் இருக்கும் ஒரே சேது நாணயம், யாழ்ப்பாண அரசர் காலத்தது: ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் படுத்திருக்கும் காளை, கீழே "சேது" என்று தமிழிலேயே. ஓரம் கோணல், தடிப்பும் ஒரே சீராக இல்லை. இதை அட்டையில் அமுக்க மனம் வரவில்லை. மூன்றாவது அல்பத்தை இதற்காகவே வாங்கினேன், சதுரக் கடின உறைகள், உள்ளே வெட்டி வைக்கும் நுரை வளையம். விலை கொஞ்சம் கடிக்கும். ஆனால் நாலு வருடமாகக் காளை ஒரு பாகைகூடச் சரியவில்லை.

2013இல் மாவட்டத்துக்கு ஒன்றாக வந்த பத்து ரூபாத் தொடர் இருபத்தைந்து, பக்கத்துக்கு இருபது பை. எந்த ஐந்து மாவட்டத்தை அடுத்த பக்கம் அனுப்புவது என்று வீட்டில் ஒரு சண்டையே நடந்தது. யாழ்ப்பாணம் முதல் பக்கம், அதில் பேச்சில்லை.

அல்பங்களைப் படுக்கவைத்து அடுக்குவதில்லை, நிமிர்த்தித்தான் வைக்கிறேன், பையின் வாய் மேலே. அலுமாரியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம், நீலம் இளஞ்சிவப்பானால் சூடாக்கி மறுபடி. ஐப்பசி, கார்த்திகை மழையில் மூன்று வாரம்கூடத் தாங்காது. பழைய பிவிசி அல்பத்தை எறியவில்லை, மின்சாரக் கட்டணத் துண்டுகள் அதில் இருக்கின்றன.