வெந்நீருக்கு எது சிக்கனம்: கேஸ் கீசரா, மின்சார கீசரா?

வேலூரில் வீட்டைச் சூடாக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை; ஆனால் கார்த்திகை பிறந்தது முதல் தை முடியும்வரை, மொட்டைமாடித் தொட்டியில் இரவெல்லாம் குளிர்ந்து கிடக்கும் தண்ணீரில் விடியற்காலையில் குளிப்பது முதியவர்களால் இயலாது. சத்துவாச்சாரியிலுள்ள எங்கள் வீட்டில் கேஸ் கீசரை மூன்று குளிர்காலமும், 15 லிட்டர் மின்சார கீசரை இரண்டு குளிர்காலமும் பயன்படுத்தியபின், கேஸ்தான் மலிவு என்று பரவலாகச் சொல்லப்படுவது எங்களைப் போன்ற நான்கு பேர் வீட்டுக்குப் பொருந்தாது என்றே கருதுகிறேன்.

20 லிட்டர் வாளித் தண்ணீரின் வெப்பநிலையை 20 டிகிரி செல்சியஸ் உயர்த்த, இழப்பையும் சேர்த்து ஏறத்தாழ அரை யூனிட் மின்சாரமோ 45 கிராம் எரிவாயுவோ தேவைப்படும். நாளொன்றுக்கு நான்கு வாளி என்றால், இரண்டு மாதத்திற்கு 120 யூனிட் அல்லது சுமார் 11 கிலோ எரிவாயு. 14.2 கிலோ சிலிண்டர் 900 ரூபாய் என்று கொண்டால் எரிவாயுச் செலவு 700 ரூபாயை நெருங்குகிறது. மின்சாரம் யூனிட் 6 ரூபாய்க்குக் குறைவாகக் கிடைக்கும்வரை அதுவே மலிவு. அதைத் தாண்டினால் கேஸ் மலிவு.

ஆகவே, கீசரால் கூடும் யூனிட்டுகள் எந்தக் கட்டண அடுக்கில் விழுகின்றன என்பதே கேள்வி. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை கணக்கிடப்படும் மின்கட்டணத்தில் முதல் சில யூனிட்டுகள் இலவசம். 400 வரை யூனிட் 5 ரூபாய்க்குள் அடங்குகிறது. 500-ஐத் தாண்டினால் 8 ரூபாய்க்கு மேல் போவதுடன் கீழ் அடுக்கின் சலுகையும் பறிபோகிறது. வேலூர் வெயிலில் ஏசி ஓடி அந்த எல்லையைத் தாண்டும் மாதங்களில் வெந்நீரை யாரும் தேடுவதில்லை. வெந்நீர் தேவைப்படும் மார்கழியிலோ ஏசி அணைந்திருக்கும். எங்கள் மீட்டர் 250-ஐச் சுற்றியே நிற்பதால், கீசரின் 120 யூனிட்டைச் சேர்த்தாலும் 400-க்குள் முடிந்துவிடுகிறது. குளிர்காலத்திலும் 400-ஐத் தாண்டும் கூட்டுக்குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழாகும். அவர்களுக்குக் கேஸே இலாபம்.

செலவைவிட எனக்குப் பெரிதாகப் படுவது உயிர்ப் பாதுகாப்பு. கேஸ் கீசரைப் பொருத்த வந்தவர் அதைக் குளியலறைக்கு உள்ளேயே மாட்டிவிட்டுப் போனார். கதவைச் சாத்திக் குளித்த என் மாமியார் தலைசுற்றலோடு வெளியே வந்த நாளில்தான் அதன் அபாயம் எங்களுக்குப் புரிந்தது. காற்றோட்டமில்லாத இடத்தில் எரிவாயு அரைகுறையாக எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மறுநாளே வெளிச்சுவருக்கு மாற்றினோம். வெளிச்சுவர் வசதி இல்லாதவர்கள் விலையைப் பார்க்காமல் கேஸ் கீசரைத் தவிர்க்க வேண்டும்.

கேஸ் கீசர் பேட்டரியில் பற்றிக்கொள்வதால் மின்வெட்டிலும் வெந்நீர் கிடைத்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் தொட்டி உயரம் போதாத வீடுகளில் நீரழுத்தம் குறைந்து அது பற்றாமல் போகும். மின்சார கீசரின் பகை எங்கள் போர்வெல் உப்புத் தண்ணீர்: சூடேற்றும் கம்பியில் சுண்ணாம்புபோல் படியும் உப்பு மின்செலவைக் கூட்டுவதால், ஆண்டுதோறும் கார்த்திகைக்கு முன் கழற்றிச் சுத்தம் செய்து, கீசர் துருப்பிடிக்காமல் காக்க உள்ளிருக்கும் மக்னீசியத் தண்டு கரைந்திருந்தால் மாற்றிவிடுகிறோம்.