பாக்கெட் கேமராவில் போன 34,500 ரூபாய்: ரிச்சி தெரு பக்கம் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 34,500 ரூபாய். எட்டு மாதம் சேர்த்த காசு.

யூடியூப் சேனல் ஆரம்பிக்கிற எண்ணமெல்லாம் எனக்குக் கிடையாது. மழை பெய்தால் தெருவை எடுப்பேன், அக்கா பிள்ளைகள் அடிக்கிற கூத்தை எடுப்பேன், அன்றைக்கே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுவேன், குவைத்தில் இருக்கிற மச்சான் பார்த்துவிட்டு நாலு பொம்மை அனுப்புவார், அவ்வளவுதான். போனில் எடுத்தால் கை ஆடுகிறது, நடுவில் யாராவது கூப்பிட்டுத் தொலைக்கிறார்கள் என்று, கிம்பல் தலை (கை ஆடினாலும் படம் ஆடாமல் பிடிக்கிற, தானே திரும்புகிற தலை) வைத்த, சட்டைப் பையில் அடங்குகிற வீடியோ கேமரா ஒன்று வாங்கப் போனேன். செங்கல்பட்டு ரயிலில் எழும்பூர் இறங்கி, அங்கிருந்து ரிச்சி தெரு, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த தெரு. எந்தக் கடை என்று இங்கே சொல்லவில்லை. மாடிப்படிக்குக் கீழே பத்துக்குப் பத்தில் ஒரு கடை, அந்தத் தெருவில் அப்படி நூறு இருக்கும்.

கடைக்காரர் தம்பி தங்கமாகப் பேசினார். "பெட்டி மட்டும் பிரிச்சதுண்ணா, ஒரு நாள் கூட ஓடல" என்றார். புதுசு விலையை விடப் பத்தாயிரத்துக்கு மேல் குறைவு. நான் தயங்கினேன். உடனே எனக்கு ஒரு டீ சொல்லிவிட்டு, கேமராவைக் கையில் எடுத்து, நான் டீ குடிப்பதைச் சுற்றிச் சுற்றி வந்து எடுத்தார். நான் தலையைத் திருப்பினால் கேமராவும் கூடவே திரும்புகிறது. ஒரு நிமிடத்தில் அதைத் தன் போனுக்கு மாற்றிக் காட்டினார். "பாருங்கண்ணா, நான் நடந்துகிட்டே எடுத்தேன், எங்கயாவது ஆடுதா?" ஆடவில்லைதான். டம்ளரில் ஆவி பறப்பது கூடத் தெரிந்தது. அந்த ஆவியில் விழுந்தவன் நான்.

பில் கேட்டேன். "ஜிஎஸ்டி பில்லுன்னா 18 பர்சென்ட் தனிண்ணா" என்றார். கணக்குப் போட்டால் 6,210 ரூபாய். வேண்டாம் என்று துண்டுச் சீட்டு வாங்கிக்கொண்டேன். மேலே கடைப் பெயர் கூட இல்லாத 'எஸ்டிமேட்' சீட்டு. கூடவே 256 ஜிபி மெமரி கார்டு ஒன்று ஃப்ரீ. ஃப்ரீ என்றதும் பல்லை இளித்துக்கொண்டு வாங்கி வந்தேன், வேறென்ன சொல்ல.

பத்து நாள் வீட்டில் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று எடுத்துப் பார்த்து அழித்துக்கொண்டிருந்தேன், எந்தக் குறையும் தெரியவில்லை. பதினோராம் நாள் அக்கா மகளுக்குக் குலதெய்வம் கோயிலில் மொட்டை, காதுகுத்து. தாய்மாமன் நான், மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், அதனால் கேமராவைச் சின்ன ஸ்டாண்டில் வைத்துக் குழந்தை முகத்தைப் பின்தொடரும்படி விட்டுவிட்டேன். இதற்காகத்தானே வாங்கினேன்!

சாயங்காலம் திறந்தால் வேன் ஏறியது இருக்கிறது, வழியில் டீக்கடையில் நின்றது இருக்கிறது, பொங்கல் பானை பொங்கியது இருக்கிறது. மொட்டை பாதியில் நிற்கிறது. காதுகுத்து ஃபைல் பெயர் இருக்கிறது, அளவு காட்டுகிறது, தட்டினால் கறுப்பு. ஆபீஸ் நண்பன் கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுச் சோதித்தான். 256 என்று அச்சடித்த கார்டில் நிஜமாக இருந்தது 32 ஜிபிக்கும் கீழே. தன் அளவைப் பற்றிப் பொய் சொல்லும்படியே அதை அமைத்து வைத்திருக்கிறார்கள், இடம் தீர்ந்த பிறகும் பதிவதாகக் காட்டிக்கொண்டே இருக்குமாம். 4கே-யில் நிமிடத்துக்கு முக்கால் ஜிபி. நாற்பது நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது. அம்மா பிள்ளையின் காதைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதது எங்கேயும் இல்லை.

அதோடு விட்டதா? அடுத்த வாரம் கிம்பல் தலை சாமி வந்தது போல் நடுங்க ஆரம்பித்தது. சர்வீஸ் சென்டரில் கேமராவுக்குள் இருக்கிற சீரியல் எண்ணையும் பெட்டி மேல் இருப்பதையும் ஒத்துப் பார்த்தார்கள். இரண்டும் வேறு வேறு. இது வெளிநாட்டு விற்பனைக்கு வந்த சரக்கு, ஏற்கெனவே ஒரு முறை கழற்றி மாட்டியிருக்கிறது, இங்கே வாரண்டி கிடையாது, சரிசெய்ய 14,000 ஆகும் என்றார்கள்.

கடைக்குப் போனேன். வாங்கும் வரை 'அண்ணா'வாக இருந்தவன் அன்றைக்கு 'சார்' ஆனேன். "கார்டு ஃப்ரீயா குடுத்தது சார், அதுக்குப் போய் கேக்குறீங்களே." கேமரா? "நீங்க கீழ போட்டிருப்பீங்க." ஓனர் திருப்பதி போயிருக்கிறார், திங்கள்கிழமை வாங்க. திங்கள்கிழமை போனால் ஓனருக்கு உடம்பு சரியில்லை. மூன்றாவது முறை லீவு போட்டுவிட்டுப் போனேன், அங்கே நின்றது வேறு பையன். "இன்னாபா, இந்தச் சீட்டுல எங்க கடை பேரு எங்க இருக்குது?" என்று என்னையே கேட்கிறான். 34,500 ரூபாய் கொடுத்தவனை! அன்று இரவே நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகார் பதிந்திருக்கிறேன். ஐந்து லட்சம் வரை நுகர்வோர் கோர்ட்டில் கட்டணம் இல்லை என்கிறார்கள். ஆனால் கையில் இருப்பது பெயரில்லாத சீட்டு, ஜிபே செய்ததும் யாரோ ஒரு தனி ஆள் பெயருக்குப் போயிருக்கிறது.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியதையெல்லாம் வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. சீரியல் எண்ணைக் கடையிலேயே கேமராவை ஆன் செய்து பெட்டியோடு ஒத்துப் பாருங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் நகராதீர்கள். ஃப்ரீ கார்டை நம்பி விசேஷ வீட்டுக்குப் போகாதீர்கள், முழுக்க நிரப்பிப் பார்த்துவிட்டு எடுங்கள், அதற்கு எச்2டெஸ்ட்டபிள்யூ என்று கம்ப்யூட்டரில் போடுகிற சாஃப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது.

நேற்று அதே நண்பன் தன் போனைக் காட்டினான். விலை விசாரிக்கிற மாதிரி அந்த நம்பரைச் சேர்த்து வைத்திருந்தானாம். 'ஓப்பன் பாக்ஸ் ஆஃபர், ஒரே ஒரு பீஸ்' என்று கடையின் ஸ்டேட்டஸ். கீழே ஓடுகிற சாம்பிள் வீடியோவில் நான் டீ குடித்துக்கொண்டிருக்கிறேன்.