திருவொற்றியூர் கொல்லையில் காரமான மிளகாய்: சில வருட அனுபவம்

காந்தாரி, குண்டு மிளகாய், வடகிழக்கு இந்தியாவின் பூத் ஜொலோகியா என்ற மூன்று மிளகாயையும் சில வருடங்களாகக் கொல்லையில் வளர்த்துப் பார்த்தாகிவிட்டது. எங்கள் பக்கத்து வானிலைக்குத் தாக்குப்பிடிப்பது காந்தாரிதான், மற்ற இரண்டும் பிடிவாதக்காரர்களுக்கு.

வெயிலைச் சொல்லித்தான் எல்லோரும் பயமுறுத்துவார்கள். 35 டிகிரியைத் தாண்டினாலே பூ நிற்காமல் உதிரும், உண்மைதான். அதற்காக உரத்தை அள்ளிக் கொட்ட வேண்டாம், நிழல்வலை கட்டிக் காலையிலேயே தண்ணீர் விட்டு வந்தால் கத்திரி வெயில் முடிந்து சூடு தணிந்ததும் தானாகக் காய்க்கும். செடியைக் கொல்வது மழைதான். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகி, இலை பச்சையாக இருக்கும்போதே செடி துவண்டு தொங்கும், அப்புறம் என்ன செய்தாலும் தேறாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தரையில் இருந்த குண்டு மிளகாய் மொத்தமும் போச்சு, செங்கல் மேல் ஏற்றி வைத்த பைச் செடிகள்தான் மிஞ்சின. அதனால் இப்போதெல்லாம் மார்கழியில் விதை, தை கடைசியில் நடவு. கத்திரி வெயிலுக்கு முன்பே முதல் பறிப்பு கிடைத்துவிடும்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதையே தொடர்ந்து விட்டால் இலை ஓரம் கருகும். டிரம்மில் மழைநீர் பிடித்து வைப்பது அதற்காகத்தான்.

இலை சுருண்டால் உடனே மருந்துக்கு ஓடாமல் திருப்பிப் பாருங்கள். ஓரம் மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் பெரும்பாலும் இலைப்பேன் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி, கவிழ்த்துப் போட்ட படகு மாதிரி கீழே வளைந்திருந்தால் கண்ணுக்கே சரியாகத் தெரியாத சிலந்திப்பேன். ஆரம்பத்திலேயே பிடித்தால், லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளித்தால் கட்டுப்படும். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் என்றால் வைத்தியமே கிடையாது, பிடுங்கிப் போட வேண்டியதுதான்.

பூத் ஜொலோகியா காரத்தை அளக்கும் ஸ்கோவில் கணக்கில் 10 லட்சத்தைத் தாண்டும் ரகம், 2007-இல் கின்னஸில் ஏறியது. விதை முளைக்கவே வாரக்கணக்கில் ஆகும், எனக்குக் காய்த்ததும் கொஞ்சம்தான். ஒரு காயை முழுசாக மீன் குழம்பில் போட்டால் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். ஆசைக்கு ஒன்று வைக்கலாம், அவ்வளவுதான்.

காந்தாரியோ ஒரு முறை பிடித்துவிட்டால் வருடம் தாண்டியும் நிற்கும், வானத்தைப் பார்த்துக் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பறவைகளுக்குக் காரம் உறைக்காது, பழுத்ததை முதலில் கொண்டைக்குருவிதான் எடுக்கும். விதைக்குக் கடைக்குப் போகத் தேவையில்லை, நன்றாகச் சிவந்த பழத்தை நிழலில் காயவைத்து எடுத்தாலே போதும். கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணைத் தேய்த்தால் தெரியும்.