கொழும்பில நிகழ்ச்சி செய்து தாறம் எண்டு வாற ஆளிட்ட கவனம் – எங்கட 170,000 ரூபா போச்சு

போன சனிக்கிழமை நடந்தது. இண்டைக்கு வியாழன். காசு வரும் எண்டு இவ்வளவு நாளும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தன். இனி ஏலாது. யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கம் இருந்து கொழும்புக்குப் பாடப் போற பிள்ளையள் கட்டாயம் வாசியுங்கோ. என்னென்ன பார்க்கோணும் எண்டு கடைசியில எழுதுறன்.

நாங்கள் நாலு பேர். சொந்தப் பாட்டு ஒன்பது இருக்கு. கொழும்பில நிகழ்ச்சி ஒழுங்கு செய்து குடுக்கிற ஒருத்தர் போன மாசம் எங்கட வீட்டுக்கே வந்தவர். காலமை ரேடியோப் பேட்டி, பின்னேரம் மேடை, போஸ்டர், பேஸ்புக் விளம்பரம் எல்லாத்துக்கும் 125,000 ரூபா. டிக்கெட் காசில எங்களுக்கு 60 வீதம். நான் உடன ஓம் எண்டு சொல்லேல்ல. அப்பதான் எங்கட பாட்டொண்டைப் பாடினார். எல்லாருக்கும் தெரிஞ்ச பல்லவி இல்லை, ரண்டாவது சரணம், ஒரு சொல் பிசகாமல். அந்தச் சரணத்தைப் பற்றி அதுக்கு முதல் ஒருத்தரும் எங்களோட கதைச்சதில்லை. அம்மா தேத்தண்ணி குடுக்க, அவவின்ர கையைப் பிடிச்சு, "பிள்ளையை நான் பார்த்துக்கொள்ளுவன் அம்மா" எண்டவர். அண்டைக்கு இரவே காசைப் போட்டன். கோயில் திருவிழா, கலியாண வீடு எண்டு வாசிச்சு நாலு பேரும் சேர்த்த காசு. எழுத்தில ஒண்டும் வாங்கேல்ல.

இரவு பஸ்ஸில போய் விடிய வெள்ளவத்தையில இறங்கினம். ரேடியோ வாசலில காவலாளியின்ர பட்டியலில எங்கட பேர் இல்லை. போன் எடுத்தா, "பொறுங்கோ தம்பி, நேரம் மாத்திப்போட்டாங்கள்." கீபோர்டையும் தபேலாவையும் வச்சுக்கொண்டு ரண்டு மணித்தியாலம் வெய்யிலுக்க நிண்டம். போஸ்டர் ஒண்டும் கண்ணில படேல்ல. நாங்களே போட்டோக் கொப்பி அடிச்சு, காலி வீதியில பம்பலப்பிட்டி மட்டும் கடை கடையா ஏறி நோட்டீஸ் குடுத்தம்.

பின்னேரம் 60 பேர் மட்டில வந்தவை. வாசலில அவற்ற பொடியன்தான் டிக்கெட் வித்தவன். அவர் எங்கட வீட்டில பாடின பாட்டு மூண்டாவது. தொடங்கேக்க பின்வரிசையில நிண்டவர், முடியேக்க இல்லை. பொடியனும் இல்லை, டிக்கெட் காசும் இல்லை. நிகழ்ச்சி முடிய மண்டபத்து ஆள் வந்து, மிச்ச வாடகை 45,000 கட்டினாத்தான் சாமான் வெளியில போகும் எண்டார். அவரில பிழை இல்லை, அவருக்கும் முற்பணம் மட்டும்தான் குடுபட்டிருக்கு. கொட்டாஞ்சேனையில இருக்கிற சித்தப்பாவை எழுப்பிக் கடன் வாங்கிக் கட்டினம். எல்லாமா 170,000 ரூபா.

ஞாயிற்றுக்கிழமை கேக்க, "பாங்க் பூட்டு, நாளைக்குப் போடுறன்." திங்கள், "மீட்டிங்கில நிக்கிறன்." செவ்வாய் ஒரு பிள்ளை எடுத்து, "அண்ணா, புரமோஷன் செய்து தந்ததுதானே, சனம் வராட்டி நாங்கள் என்ன செய்யிறது?" எந்தப் புரமோஷன்? நோட்டீஸ் குடுத்தது நாங்கள்! நேற்றையில இருந்து வட்ஸ்அப்பில அவற்ற படமும் இல்லை. 170,000 ரூபா. தபேலா வாசிக்கிற அண்ணை தன்ர மகளின்ர வகுப்புக் காசையும் இதுக்குள்ள போட்டவர். பொலிஸில முறைப்பாடு போட்டாச்சு.

நிறைய எழுத நினைச்சன், ஏலாமக் கிடக்கு. மண்டபத்துக்கு நீங்களே போன் எடுத்து முழு வாடகையும் கட்டியாச்சோ எண்டு கேளுங்கோ. ரேடியோவுக்கும் அப்பிடித்தான். டிக்கெட் வித்துச் செய்யிறதெண்டா களியாட்ட வரிக்காக மாநகர சபையில டிக்கெட்டுக்குச் சீல் அடிப்பிக்கோணும். எங்கட டிக்கெட்டில அது இல்லை, எனக்கு அடுத்த நாள்தான் தெரியும். வாசலில உங்கட ஆள் ஒருத்தர் இருக்கோணும்.

எங்களை ஏமாத்தின ஆள் இப்ப திருகோணமலையில ஒரு பாட்டுக்குழுவோட கதைச்சுக்கொண்டிருக்கிறாராம். அந்தப் பிள்ளையளைத் தெரிஞ்ச ஆக்கள் இண்டைக்கே சொல்லுங்கோ, காசு போட முதல்.