மீட்டரில் 23 ஆயிரம், ஓடியது எத்தனை ஆயிரமோ: 62,000 ரூபாய் போன கதை

இப்போதுதான் போனை வைத்தேன். எனக்குப் பழைய பைக் விற்ற கம்பெனிக்கு இது பதினோராவது தடவை. "உங்க புகார் டிக்கெட் க்ளோஸ் ஆயிடுச்சு சார்" என்கிறது ஒரு பெண் குரல். யாரம்மா க்ளோஸ் பண்ணியது என்றால், "சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுது சார்." 62,000 ரூபாய். முழுக்கக் குறி (சீட்டு) பிடித்த பணம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் எழுத மாட்டேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

எனக்கு ஊர் கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், வேலை தமிழ்நாட்டில் பொள்ளாச்சியில். கோபாலபுரம் வழியாகப் போக வர தினமும் ஐம்பது கிலோமீட்டர் வரும். பழைய வண்டி மூச்சு வாங்க ஆரம்பித்ததும் வேறு தேடினேன். ஆன்லைனில் பழைய பைக் விற்கிற ஆப் ஒன்று, அதற்குப் பாலக்காடு பக்கம் ஒரு கடையும் உண்டு. பெயர் போடவில்லை. கேஸ் போடும் யோசனை இருக்கிறது, அதுவரை பெயர் வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் சொல்லியிருக்கிறார்.

2019 மாடல், 150 சிசி. மீட்டரில் 23,140 கிலோமீட்டர். கேட்ட விலை 65,000. என் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றுதான் முதலில் சொன்னேன். அங்கேதான் விழுந்தேன். விற்பனைக்கு நின்ற பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். "அண்ணா கொழிஞ்சாம்பாறையா? எங்க அக்காவைக் கட்டிக் கொடுத்தது வண்ணாமடைலதாண்ணா!" என்றான். கட்டன் சாயா வந்தது. அக்கா வீட்டுத் தென்னந்தோப்பு, இந்த வருஷம் தேங்காய் விலை என்று பத்து நிமிடம் பேசினோம். பிறகு டேப்லெட்டை எடுத்து என் முன்னால் வைத்தான். 120 இடத்தில் பரிசோதித்த ரிப்போர்ட்டாம். மேலிருந்து கீழ் வரை பச்சை டிக். இன்ஜின், டிக். ஃபோர்க், டிக். 'ஓடோமீட்டர் சரிபார்க்கப்பட்டது', அதற்கும் டிக். "வெளி மெக்கானிக்கைத் தொட விட்டா எங்க வாரண்டி போயிடும்ணா. நம்ம ஊர் ஆளுக்கு நான் கெட்ட வண்டி தருவேனா?"

இந்தக் கடைசி வரிக்குத்தான் 62,000 கொடுத்தேன். மூவாயிரம் குறைத்ததற்கு நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

இன்னொன்று அன்றே உறைத்திருக்க வேண்டும். நான் போனபோது இன்ஜின் சூடாக இருந்தது. "இப்பத்தாண்ணா கழுவி ஒரு ரவுண்டு எடுத்தோம்" என்றான். பச்சைத் தண்ணியாய்க் கிடக்கிற இன்ஜினைக் காலையில் ஸ்டார்ட் பண்ணினால் என்ன சத்தம் வரும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு மூன்றாம் நாள் தெரிந்தது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம், இரண்டு நிமிடம் ஓடினால் அடங்கிவிடும்.

மூன்றாவது வாரம் எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் ஆயிலை இறக்கினார். வெயிலில் தட்டைச் சாய்த்துக் காட்டினார், கரி மாதிரி எண்ணெயில் வெள்ளிப் பொடி மினுங்கியது. "இது ஆயில் இல்ல தம்பி, உன் இன்ஜின் கரைஞ்சு வருது." அப்புறம் பின் டயரைக் காட்டினார். டயர் ஓரத்தில் நாலு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு இலக்கம் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு இலக்கம் எந்த வருஷம். இதில் 1423. அதாவது 2023-இல் பதினான்காவது வாரம் செய்த டயர், 2019 வண்டியில் பிறகு மாற்றிப் போட்டது, அதுவும் மொட்டையாகிக் கிடக்கிறது. 23 ஆயிரம்தான் ஓடிய வண்டி ஒரு பின் டயரைத் தின்று முடித்து இரண்டாவதையும் எப்படி முடித்தது? மீட்டரைச் சுற்றி இருந்த திருகுகளில் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கின கீறல். வேறு வண்டியின் மீட்டரைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்றார். ஃபுட்ரெஸ்ட் ரப்பர் மட்டும் புதுசு, கடை வாசனையே போகவில்லை. அதையெல்லாம் நான் அழகு என்று நினைத்தேன்!

மறுநாள் அரை நாள் லீவு போட்டு, அந்தக் கம்பெனியின் அங்கீகார சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் சேசிஸ் எண்ணைத் தட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் திரையை என் பக்கம் திருப்பினார். 2022 நவம்பரில் கடைசி சர்வீஸ், 48,316 கிலோமீட்டர். அதற்குப் பிறகு எவ்வளவு ஓடியதென்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். இதைப் பார்க்க அவர் ஒரு பைசா வாங்கவில்லை. வாங்குவதற்கு முன்னால் போயிருந்தால் ஐந்து நிமிட வேலை.

கடைக்குப் போன் போட்டேன். வண்ணாமடைக்காரன் முதல் நாள் "பாத்துக்கலாம்ணா" என்றான். இரண்டாம் நாள் "மேனேஜர் லீவு." மூன்றாம் நாளிலிருந்து நீல டிக் மட்டும் விழுகிறது, பதில் இல்லை. மேனேஜர் கிடைத்தபோது, "மீட்டர் ரீடிங்குக்கு நாங்க பொறுப்பில்ல, விற்றவர் சொன்னதுதான்" என்றார். அப்படியானால் அந்த டிக்? "அது மீட்டர் வேலை செய்யுதான்னு பார்த்ததுக்கு." ஆறு மாத வாரண்டி? டைமிங் செயின், பிஸ்டன், சிலிண்டர் போர் எல்லாம் 'தேய்மானப் பொருள்', அதில் வராதாம். ஹெட் ஆபீஸுக்கு மெயில் போடச் சொன்னார். போட்டால் டிக்கெட் எண் வருகிறது. இரண்டு நாளில் அது தானாக க்ளோஸ் ஆகிறது. 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி வியாபாரம் செய்பவர்கள் ஆர்டிஓ அங்கீகாரச் சான்று வைத்திருக்க வேண்டும், உங்களுடையதைக் காட்டுங்கள் என்றேன். லைன் கட்.

62,000-த்தோடு நிற்கவில்லை. இன்ஜின் வேலைக்கு 14,500 எஸ்டிமேட். ஆர்சி மாற்றப் போனால் வண்டி மேல் ஐந்து கேமரா ஃபைன், ஹெல்மெட் இல்லாததற்கு ஐந்நூறு வீதம் 2,500. எல்லாம் நான் வாங்குவதற்கு முந்தின தேதி. கட்டாமல் பெயர் மாறாது என்றார்கள், கட்டினேன்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மணி பன்னிரண்டு ஆகிறது, நினைவில் வருவதைச் சொல்கிறேன். சொந்த உபயோக பைக்குக்கு 15 வருஷம் வரை அரசாங்கப் பரிசோதனை எதுவும் கிடையாது, பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் வண்டியைக் காட்ட வேண்டும். நடுவில் இருக்கும் பொல்யூஷன் சர்டிபிகேட் புகையை மட்டும்தான் பார்க்கும். அதனால் சர்வீஸ் சென்டர் கணக்கைப் பாருங்கள். அரசாங்கத்தின் பரிவாகன் தளத்தில் ஃபைன், லோன், எத்தனையாவது ஓனர் எல்லாம் பாருங்கள். லோன் முடிந்திருந்தாலும் ஆர்சியில் பேங்க் பெயர் எடுத்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லை தாண்டி டிஎன் (தமிழ்நாட்டுப் பதிவு) வண்டி வாங்கினால் என்ஓசி (தடையில்லாச் சான்று) கையில் வந்த பிறகு பணம். காலையில் போங்கள், இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். மெக்கானிக்கை விட மாட்டேன் என்றால் அங்கே சாயாகூடக் குடிக்க வேண்டாம்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்திருக்கிறேன். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்பதால் நுகர்வோர் கமிஷனில் கட்டணம் இல்லையாம், அடுத்த வாரம் பாலக்காடு போகிறேன். டேப்லெட்டில் காட்டிய அந்த ரிப்போர்ட்டை ஆப்பில் தேடினால் இப்போது காணோம். நல்லவேளை, அன்றைக்கு மச்சானுக்குப் பெருமையாக அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட் அவன் போனில் இருக்கிறது.