சீட்டுக்கட்டா, பகடையா, தாயக்கட்டையா: நிகழ்தகவைத் தொடங்க எதைக் கையில் எடுப்பது?

கல்லூரி முதலாண்டில் புள்ளியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு, பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டு மாடியில் மாலை வகுப்பு எடுக்கிறேன். நிகழ்தகவுப் பாடத்தை ஆறு வருடம் சீட்டுக்கட்டை வைத்துத்தான் தொடங்கினேன். போன வருடம் அதை அலமாரியில் வைத்துவிட்டு, மீனாட்சியம்மன் கோவில் பக்கம் ஒரு பித்தளைக் கடையில் நாலு ஜோடி தாயக்கட்டை வாங்கி வந்தேன். இனி மாற்றுவதாக இல்லை.

சீட்டுக்கட்டின் பெருமை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாடப்புத்தகக் கணக்கில் பாதி சீட்டில்தான் இருக்கிறது, தேர்விலும் அதுவே வருகிறது. ஆனால் உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கமிருந்து வரும் பிள்ளைகளில் பலர் சீட்டைத் தொட்டதே இல்லை. வீட்டில் தொடவிட மாட்டார்கள். ஹார்ட் எது, கிளாவர் எது, படச்சீட்டு எத்தனை என்று சொல்லிக்கொடுப்பதிலேயே முதல் வகுப்பு போய்விடும். ‘சிவப்பு அல்லது ராஜா’ வர 28/52 என்று எழுதுவார்கள். 26ஐயும் 4ஐயும் கூட்டி 2ஐ ஏன் கழித்தாய் என்று கேட்டால், “சூத்திரம் அப்படித்தான் மிஸ்” என்பார்கள். கழித்தது இரண்டு சிவப்பு ராஜாக்களை என்பது அவர்கள் கண்ணில் படவில்லை. 52 சீட்டையும் பலகையில் வரைந்து காட்டவா முடியும்?

ஆறு முகப் பகடை பரவாயில்லை. மலிவு, எங்கும் கிடைக்கும், இரண்டு பகடைக்கு 36 கட்டம் போட்டால் கூறுவெளி, அதாவது வரக்கூடிய விளைவுகள் எல்லாம், முழுதும் கண் முன்னால் நிற்கும். தாயக்கட்டை கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் தயங்காமல் இதையே எடுக்கலாம். 36 கட்டத்தைத் திரும்பத் திரும்ப எண்ணும்போது பிள்ளைகள் சோர்ந்துபோகிறார்கள் என்பது மட்டும்தான் எனக்கு இருந்த குறை.

தாயக்கட்டையில் பதினாறே கட்டம். நீளக் கட்டைக்கு நாலு பக்கம்: ஒன்றில் புள்ளி இல்லை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டையும் உருட்டிப் புள்ளிகளைக் கூட்டுகிறோம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழிக்க அப்பத்தாவோடு உட்கார்ந்து ஆடியவர்கள்தான் எல்லோரும். அதனால் முதல் நாளே பலகையில் இப்படி எழுதிவிடலாம். இரண்டாம் கட்டை 0, 1, 2, 3 என விழும் வரிசையில்:

முதல் கட்டை 0: 12, 1, 2, 3
முதல் கட்டை 1: 1, 2, 3, 4
முதல் கட்டை 2: 2, 3, 4, 5
முதல் கட்டை 3: 3, 4, 5, 6

எழுதுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பேன்: தாயம், அதாவது ஒன்று, விழ நிகழ்தகவு என்ன? அநேகமாக எல்லோரும் 1/7 என்பார்கள். விழக்கூடிய எண்கள் 1, 2, 3, 4, 5, 6, 12 என ஏழுதானே! இந்தத் தவறு பெரிய ஆட்களுக்கும் நேர்ந்ததுதான். இரண்டு பகடையில் 11 விழுவதும் 12 விழுவதும் ஒரே அளவு என்று ஜெர்மானியக் கணித மேதை லைப்னிட்ஸே நினைத்திருக்கிறார். 11க்கு இரண்டு வழி, 12க்கு ஒரே வழி. தாயத்திலும் அப்படித்தான்: 0-1, 1-0 என இரண்டு கட்டம், ஆகவே 2/16. மூன்றுக்கு நாலு கட்டம். பன்னிரண்டுக்கு ஒன்றே ஒன்று.

பேச்சோடு விடாமல் 160 தடவை உருட்டச் சொல்வேன். ஏழு எண்களும் சமம் என்றால் ஒவ்வொன்றும் 23 தடவையை ஒட்டி வரவேண்டும். கட்டம் சொல்வதோ மூன்றுக்கு 40, பன்னிரண்டுக்கு 10. உருட்டிக் கோடு போட்டுக்கொண்டு வரும்போதே மூன்றின் வரிசை நீண்டுகொண்டு போவதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். சமவாய்ப்பு என்பது கட்டத்துக்குத்தான், கூட்டுத்தொகைக்கு அல்ல என்று அதற்குப் பிறகு யாருக்கும் மறப்பதில்லை.

கூட்டல் விதி இதில் சீக்கிரம் முடிந்துவிடும். ‘முதல் கட்டை வெறுமை அல்லது இரண்டாம் கட்டை வெறுமை’ என்றால் மேல் வரிசையில் நாலு, இடது ஓரத்தில் நாலு. பன்னிரண்டு இருக்கும் மூலைக்கட்டம் இரண்டிலும் வருகிறது, அதை ஒரு தடவை கழித்தால் 7/16. நிரப்பு நிகழ்ச்சிக்கு, அதாவது ஒன்று நடக்காமல் போவதற்கு, காய் இறங்கத் தாயத்துக்காகக் காத்திருந்த அனுபவமே போதும். எட்டு தடவை உருட்டினால் தாயம் வந்தே தீரும் என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள். எட்டிலும் வராமல் போக 7/8ஐ எட்டு முறை பெருக்க வேண்டும், ஏறக்குறைய 0.34. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! ஏழு தடவை வராததால் எட்டாவதில் வாய்ப்பு கூடிவிடுவதும் இல்லை, அப்போதும் 1/8தான்.

நான் தாயக்கட்டைப் பக்கம் முழுதாகச் சாய்ந்தது சார்புநிலை நிகழ்தகவுக்காக, அதாவது ஒன்று நடந்தது தெரிந்தபின் மற்றதன் வாய்ப்பைக் கணிப்பதற்காக. மற்றதெல்லாம் பகடையிலும் ஓரளவு நடக்கும். பிள்ளைகள் விழுவது இந்த இடத்தில்தான், நிபந்தனையைத் திருப்பிப் போட்டுக் கணக்கிடும் பேயீஸ் தேற்றத்தில் அழுவதும் இதனால்தான். ‘இது நடந்திருந்தால் அது’ என்பதையும் ‘அது நடந்திருந்தால் இது’ என்பதையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். சூத்திரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், மேலே இருப்பதும் ஒன்றேதான். மாறுவது கீழே வகுக்கும் எண்.

எங்கள் பக்கத்து ஆட்டத்தில் 1, 5, 6, 12 விழுந்தால் மறு ஆட்டம் உண்டு. பதினாறில் அப்படிப்பட்ட கட்டம் ஆறு, ஆகவே 3/8. இப்போது முதல் கட்டை உருண்டு வெறுமையாக நின்றுவிட்டது, இரண்டாவது இன்னும் உருள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் வரிசையைத் தவிர மற்றதைக் கையால் மறைத்துவிடுவேன். மிச்சம் நாலு கட்டம், அதில் மறு ஆட்டம் தருவன 12, 1 என இரண்டு. வாய்ப்பு 1/2 ஆக ஏறிவிட்டது.

அடுத்து திருப்பிக் கேட்பேன்: பக்கத்து அறையிலிருந்து “மறு ஆட்டம்!” என்று சத்தம் மட்டும் கேட்கிறது. முதல் கட்டை வெறுமையாக விழுந்திருக்க வாய்ப்பு என்ன? இப்போது மறைக்க வேண்டியது வேறு கட்டங்கள். மறு ஆட்டம் தரும் ஆறை மட்டும் விட்டுவிட்டால், மேல் வரிசையில் இருப்பது இரண்டு. 2/6, அதாவது 1/3. மேலே அதே இரண்டு கட்டம்தான். ஒரு தடவை நாலால் வகுத்தோம், இன்னொரு தடவை ஆறால். எதை மறைத்தோம் என்பதுதான் நிபந்தனை. பேயீஸ் வழியே போனாலும், 1/4ஐ 1/2ஆல் பெருக்கி 3/8ஆல் வகுத்தால் அதே 1/3 வருகிறது. கையால் மறைத்துப் பார்த்த பிள்ளை சூத்திரத்தைப் பிறகு பார்க்கும்போது, வகுக்கும் எண் எங்கிருந்து வந்தது என்று தானே சொல்லிவிடுகிறது. இதே கணக்கைச் சீட்டில் நடத்த எனக்கு ஆறு வருடத்தில் ஒரு தடவையும் இவ்வளவு தெளிவாக வாய்க்கவில்லை.

ஒன்றின் வாய்ப்பை மற்றது மாற்றாத சாரா நிகழ்ச்சிகளும் ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளும் ஒன்று என்ற குழப்பமும் இதே கட்டத்தில் தீரும். ஒரே உருட்டில் தாயமும் பன்னிரண்டும் சேர்ந்து வராது, ஒன்று வந்தால் மற்றது இல்லை. அப்படியென்றால் ஒன்றின் சேதி மற்றதை முழுக்கத் தீர்த்துவிடுகிறது. சாராதவை என்று எப்படிச் சொல்வது? முதல் கட்டை வெறுமை, இரண்டாம் கட்டை வெறுமை என்பவைதான் சாராதவை: 1/4 பெருக்கல் 1/4, சரியாக அந்த மூலைக்கட்டத்தின் 1/16.

குறையும் உண்டு. எடுத்ததைத் திருப்பி வைக்காமல் அடுத்ததை எடுக்கும் கணக்குக்குத் தாயக்கட்டை உதவாது. இரண்டு ஏஸ் அடுத்தடுத்து வர 4/52 பெருக்கல் 3/51, அதாவது 1/221 என்பதைச் சீட்டை எடுத்துக் காட்டித்தான் புரியவைக்க முடியும். அதனால் நாலாவது வாரம் சீட்டுக்கட்டு அலமாரியிலிருந்து இறங்குகிறது. தேர்வுக்கும் அது வேண்டும். அப்புறம், நான் இருபது பேருக்கு மேல் வைத்து இப்படி நடத்தியதில்லை. அறுபது பேர் உட்கார்ந்த வகுப்பறையில் உருட்டும் சத்தத்துக்கு நடுவே இது எடுபடுமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஓரம் தேய்ந்த பழைய கட்டையும் வேண்டாம், நாலு பக்கமும் சமமாக விழும் என்று நம்ப முடியாது. பழகிய கை கட்டையை உருட்டாமல் வழுக்கிவிடும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் தேய்த்து உருட்டினால்தான் கணக்கில் சேர்ப்பது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கட்டை வாங்கக் காசில்லை என்று ஒரு பிள்ளை, தரையில் ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டை ஆறு கொண்டுவந்தது. அதில் வெள்ளை மேலே விழ வாய்ப்பு பாதி என்று எழுதக் கூடாது; தேய்த்த பக்கம் தட்டை, மறுபக்கம் புடைப்பு. உருட்டி எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். ஒரு கொட்டையை எடுத்து முந்நூறு தடவை போட்டு எழுதி வா என்று சொல்லி அனுப்பினேன். ஒப்பு நிகழ்வெண் (மொத்தத் தடவையில் எத்தனை பங்கு விழுந்தது என்பது) பாடத்தை இந்த வருடம் அந்த நோட்டிலிருந்துதான் தொடங்கினேன்.