மார்த்தாண்டத்துப் பல் கிளினிக்: சீட்டை வாசித்துக் காட்டிய பிறகே ஊசி

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது இந்தப் பல் கிளினிக். பெயரைப் போட வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டதால் போடவில்லை. ஒரு பெண் டாக்டர், உதவிக்கு ஒரு பிள்ளை, இரண்டு நாற்காலி. எனக்கும் எங்க அம்மைக்கும் இங்கேதான் பல் பார்த்தோம். நான் அருமனைப் பக்கம் ரப்பர் வெட்டுகிறவன். எங்கள் பக்கத்தில் பல்லு வலித்தால் முதலில் கிராம்பு, பிறகு மெடிக்கலில் மாத்திரை, அதுவும் கேட்கவில்லை என்றால் பிடுங்க ஓட்டம். அந்த வழக்கத்தை மாற்றுகிற மாதிரி ஒரு இடம் கிடைத்திருக்கிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

இவர்களிடம் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது அந்தச் சீட்டு. எந்தப் பல், என்ன செய்யப் போகிறார்கள், செய்யாமல் விட்டால் என்ன ஆகும், எவ்வளவு ரூபாய் என்று தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, "வெளங்கிச்சா அண்ணே?" என்று கேட்ட பிறகுதான் ஊசியை எடுக்கிறார் டாக்டர். இதற்கு முன்னால் வேறொரு ஊரில் எனக்குக் கிடைத்த சீட்டில் '46, ஆர்.சி.டி., பி.எஃப்.எம்.' என்று ஒரே வரி, அடியில் ஒரு தொகை. கேட்டதற்கு "செய்யணும்" என்றார்கள், அவ்வளவுதான். அதே சீட்டை இங்கே கொண்டுவந்து நீட்டினேன். வரி வரியாகப் பிரித்துச் சொன்னார்.

46 என்பது பல்லின் விலாசம். வாயை நாலு பாகமாகப் பிரிக்கிறார்கள். நம்முடைய வலது மேல்பக்கம் 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4. பிறகு முன்பல்லின் நடுவிலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டே போக வேண்டும். அப்படியானால் 46 வலது கீழ் பாகத்தில் ஆறாவது, அதாவது முதல் பெரிய கடவாப்பல்லு. பால்பல்லுக்கு 5 முதல் 8 வரை. இதைத் தெரிந்துகொண்டால் நம் சீட்டில் எழுதியிருக்கிற பல்லும் நமக்கு நோவுகிற பல்லும் ஒன்றுதானா என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். எல்லாரும் படித்து வைக்க வேண்டிய விஷயம் இது.

அடுத்து எக்ஸ்ரே. ஆர்.வி.ஜி. என்றால் ஒன்றிரண்டு பல்லுக்கு மட்டும் எடுக்கிற சின்னப் படம். வாய்க்குள் ஒரு சிறு தகடு வைப்பார்கள், உடனே கம்ப்யூட்டரில் தெரியும். ஓ.பி.ஜி. என்றால் இரண்டு தாடையும் முழுதாக ஒரே படத்தில். ஞானப்பல்லு குறுக்கே படுத்துக் கிடக்கிறதா, எலும்பு எங்கெல்லாம் தேய்ந்திருக்கிறது என்று பார்க்க அது வேண்டும். எனக்கு ஆர்.வி.ஜி. போதும் என்றார். திரையில் எனக்க பல்லின் வேர்நுனியில் ஒரு கருப்பு நிழல். "இந்தக் கருப்புதான் அண்ணே, சீழ் பிடிச்ச இடம். மாத்திரையில நீர்க்கட்டு வடியும். ஆனா பல்லுக்க உள்ள செத்துப்போன நரம்பு அங்கனயேதான் கெடக்கும். அதை எடுக்காம இது திரும்பத் திரும்ப வரும்." மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்கிவிட்டு ஆறிவிட்டது என்று இருக்கிறவர்கள் இந்த ஒரு பேச்சைக் கேட்க வேண்டும். கூடவே இன்னொன்றும் சொன்னார்: வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துக்கு இறங்கினாலோ, விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமானாலோ பல் கிளினிக் தேடி நிற்கக் கூடாது, நேரே பெரிய ஆஸ்பத்திரி.

ஆர்.சி.டி. என்றால் ரூட் கெனால். பல்லின் மேல்தோடு எனாமல், அதற்கு உணர்வு கிடையாது. அதற்குள்ளே டென்டின், அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள். குளிர்ந்த வெள்ளம் பட்டால் கூசுவது அது வழியாக. நடுவில் பல்ப், அதாவது நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கிற சதை. சொத்தை பல்ப்பைத் தொடாமல் எனாமலிலோ டென்டினிலோ நின்றால் சுரண்டி அடைத்துவிடலாம், அதுதான் ஃபில்லிங். பல்ப்பைத் தொட்டுவிட்டால் அடைத்துப் பயனில்லை. உள்ளே இருப்பதை எடுத்து, வேருக்குள் போகிற குழாயைச் சன்னமான ஊசி அரங்களால் சுத்தம் பண்ணி, மருந்து விட்டுக் கழுவி, குழாயை நுனிவரை அடைத்து மூட வேண்டும்.

ஊசி போட்டதும் கீழுதடு பாதி மரத்துவிட்டது. மரக்க வைக்கிற மருந்து, லிக்னோகெய்னாம். மரப்பு போக சில மணி நேரம் ஆகும், அதுவரை எதுவும் சவைக்காதீங்க, உதட்டைக் கடிச்சாலும் தெரியாது என்று எச்சரித்தார். பிரஷர், நெஞ்சுவலி உள்ளவர்கள் ஊசிக்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். அந்த மருந்தில் பெரும்பாலும் நெஞ்சுத் துடிப்பைக் கூட்டக்கூடிய அட்ரினலினும் கலந்திருக்கும்.

அப்புறம் பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் ஷீட்டை மாட்டினார். ஓட்டை போட்டு, அந்த ஒரு பல்லு மட்டும் வெளியே தெரிகிற மாதிரி. ரப்பர் டேம் என்று பேர். 1864-லேயே அமெரிக்காவில் ஒரு பல் டாக்டர் கண்டுபிடித்ததாம். எச்சில் வேருக்குள் போகாது, கழுவுகிற மருந்தோ சின்ன ஊசியோ தொண்டைக்குள் விழாது. விடியும் முன்னே டார்ச் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போய் நாங்கள் எடுக்கிற பாலில் செய்கிற சாமான், என் வாயைக் காக்க வந்து நிற்கிறது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். ரப்பர் வெட்டுகிறவன் என்று தெரிந்ததும் டாக்டர் இன்னொன்றும் காட்டினார். வேரை அடைக்கிற குச்சி, சின்னதாக, ஆரஞ்சும் ரோஸும் கலந்த நிறத்தில். கட்டாபெர்ச்சா. மலேயா பக்கத்து மரம் ஒன்றின் பாலில் கிடைப்பது, நம் ரப்பருக்கு உறவுக்கார சரக்கு. ரப்பர் இழுத்தால் நீளும், இது நீளாது. சூடு காட்டினால் இளகி, ஆறினதும் அப்படியே நிற்கும். அதனால்தான் வேருக்குள் வைக்கத் தோதாக இருக்கிறது. (ரப்பர் ஒத்துக்கொள்ளாமல் தோல் தடிக்கிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். வேறு வகை ஷீட்டும் கையுறையும் இருக்கின்றன.)

இடையில் போட்ட தற்காலிக அடைப்பில் கிராம்பு மணத்தது. சிங்க் ஆக்சைடும் கிராம்பு எண்ணெயில் இருக்கிற யூஜினாலும் சேர்த்துக் குழைத்தது. மாறாமலைக் கிராம்பு நமக்குப் புதிதா? கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அம்மை சொத்தைப் பல்லில் கிராம்பு வைப்பது வீண் இல்லை, நோவு அடங்கத்தான் செய்யும், சொத்தை அடங்காது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். வெறும் கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்து ஈறில் வைத்தால் வெந்துவிடும் என்பதையும் சொன்னார். பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கித் தள்ளாமல் இது மட்டும்தான் இதனால் முடியும் என்று எல்லை காட்டியது எனக்கு ரொம்ப மரியாதையாகப் பட்டது.

இனி பி.எஃப்.எம். அது கேப்பின், அதாவது பல்லுக்கு மேலே போடுகிற மூடியின், ஒரு வகை. வேர் சிகிச்சை செய்த கடவாப்பல்லு ஏற்கெனவே சொத்தையில் பாதி போய், மிச்சத்தில் நிற்பது. முந்திரிக்கொத்தோ எலும்போ கடித்தால் நெடுக்கே பிளந்துவிடலாம். பிளந்துவிட்டால் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருக்காது, வேர் சிகிச்சைக்குக் கொடுத்த காசும் போச்சு. அதனால் பல்லைச் சுற்றிலும் சீவி, அளவெடுத்து, மேலே மூடி போடுகிறார்கள். முழு உலோகம் என்றால் விலை குறைவு, உழைக்கும், பார்க்க வெள்ளையாக இருக்காது. பி.எஃப்.எம். என்றால் உள்ளே உலோகம், மேலே பீங்கான். சில காலத்தில் ஈறோரம் கருப்புக் கோடு தெரியலாம், பீங்கான் செதில் பெயரவும் செய்யலாம். சிர்கோனியா உலோகம் இல்லாதது, பலமும் உண்டு, விலையும் உண்டு. "பின்னாலதான் இருக்கு, அண்ணனுக்கு நெறம் பெருசில்லண்ணா உலோகமே போரும்" என்றார். விலை கூடினதைத் தலையில் கட்ட நினைக்கிறவர் இப்படிச் சொல்ல மாட்டார். நான் பி.எஃப்.எம். போட்டேன். வேர் சிகிச்சைக்கு 4,000, கேப்புக்கு 3,500, படத்துக்கு 300 வாங்கினார்கள். சீட்டில் எழுதினதுக்கு மேலே ஒரு ரூபாய் கேட்கவில்லை. கேப்புக்குச் சொத்தை வராது, கேப் முடிகிற ஓரத்தில் நம் பல்லுக்கு வரும், அங்கே நன்றாகத் தேய்க்க வேண்டும் என்று சீட்டின் அடியில் எழுதியும் தந்தார்.

பிடுங்கிவிட்டால் என்ன செலவு என்பதையும் கேட்டேன். பிரிட்ஜ், அதாவது பக்கத்துப் பல்லுகளில் தாங்கி நிற்கிற செயற்கைப் பல்லு, போட்டால் இடைவெளிக்கு இரண்டு பக்கமும் இருக்கிற நல்ல பல்லைச் சீவ வேண்டும். இம்பிளாண்ட் என்றால் எலும்புக்குள் டைட்டானியம் திருகாணி, அதன்மேல் செயற்கைப் பல்லு. எலும்பு அதைப் பிடித்துக்கொள்ளப் பெரும்பாலும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், விலை பல மடங்கு. சொந்தப் பல்லைக் காப்பாற்றுவதுதான் மலிவு என்பது எனக்கு அங்கே கணக்காகவே தெரிந்தது.

அம்மைக்கு விஷயம் வேறு. சுகர், நெஞ்சுக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, நெடுங்காலமாக வெற்றிலை பாக்கு. டாக்டர் பல்லைப் பார்க்கும் முன்னே மாத்திரைச் சீட்டைப் பார்த்தார். ஆடுகிற பல்லை எடுக்க வேண்டும், ஆனால் ரத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது, இதய டாக்டரிடம் கேட்டுத்தான் எதுவும் என்று கண்டிப்பாகச் சொல்லி, கேட்க வேண்டியதை ஒரு துண்டுத்தாளில் எழுதித் தந்தார். பீரியடோன்டைட்டிஸ் என்று எழுதியிருந்தது. பழைய ஆள்கள் பயோரியா என்பார்கள். பல்லில் படிகிற வழுவழுப்பு பிளேக். அது நாளாக நாளாகக் கல்லாக இறுகினால் கால்குலஸ். ஈறு மட்டும் சிவந்து ரத்தம் வந்தால் ஜிஞ்சிவைட்டிஸ், சுத்தம் பண்ணினால் பழையபடி ஆகிவிடும். பல்லைப் பிடித்திருக்கிற எலும்பு கரையத் தொடங்கினால்தான் பீரியடோன்டைட்டிஸ். போன எலும்பு தானாகத் திரும்பாது. சுகர் கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சுகரும் அடங்காது.

ஸ்கேலிங் (பல்லில் கட்டின கல்லைச் சுரண்டி எடுப்பது) செய்தால் பல்லு ஆடும் என்று எங்கள் பக்கத்தில் பரவலாக ஒரு பயம் இருக்கிறது. அம்மையும் அதையே சொன்னார். "இல்லம்மா, கல்லு கட்டி ஆட்டத்தை மறைச்சிட்டிருந்தது. கல்லு போனதும் ஆட்டம் வெளிய தெரியும், கொஞ்ச நாள் கூசும். கல்லுதான் எலும்பைத் தின்னுது" என்று கண்ணாடியில் காட்டி விளக்கினார். பிறகு கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம், அடிநாக்கு எல்லாம் தடவிப் பார்த்து, வாயில் மூன்று விரல் நிறுத்தி நுழைகிறதா என்றும் பார்த்தார். பாக்கு மெல்லுகிறவர்களுக்கு வாய் திறப்பது மெல்ல மெல்லச் சுருங்குமாம். வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டுமாம். அம்மைக்கு அப்படி எதுவும் இல்லை. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் வரவழைக்கும் என்று அம்மையின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நான் எத்தனையோ தடவை சொல்லிக் கேட்காதவர், இப்போது வெற்றிலைப் பெட்டியைத் தூக்கி வைத்திருக்கிறார்.

பல்லெடுத்த அன்று பஞ்சை அரைமணி நேரத்துக்கு மேல் கடித்துக்கொள்ள வேண்டும், துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ரா வைத்து உறியக் கூடாது, சூடான சாயா வேண்டாம். உப்புவெள்ளம் மறுநாள் முதல். அந்தக் குழியில் உறைந்த ரத்தம்தான் மருந்து. அது பெயர்ந்துவிட்டால் சில நாளில் காதுவரை குத்துகிற நோவு வரும், அதுக்கு டிரை சாக்கெட் என்று பேர். அம்மைக்கு வரவில்லை.

பேரப்பிள்ளை, பிள்ளைகள் இருக்கிற வீட்டார் இதை விடாதீர்கள். ஆறு வயது வாக்கில் பால்பல்லு எதுவும் விழாமலே, எல்லாப் பல்லுக்கும் பின்னால் ஒரு பெரிய கடவாப்பல்லு முளைக்கும். பால்பல்லுதானே, விழுந்து முளைக்கும் என்று பலரும் சொத்தையை விட்டுவிடுகிறார்கள். ஆனால் இந்தக் கடவாப்பல்லு ஆயுளுக்கும் இருக்க வேண்டிய பல்லு. அதன் குழிகளில் சீலன்ட் என்று ஒன்றைப் பூசி வைத்தால் சொத்தை பிடிப்பது குறையும். ஊசியும் இல்லை, நோவும் இல்லை.

குறையும் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது, படி செங்குத்து. முட்டுவலி உள்ள அம்மையைத் தாங்கித்தான் ஏற்றினேன். ஒரே டாக்டர் விளக்கிச் சொல்லிக்கொண்டிருப்பதால் நேரம் குறித்துப் போனாலும் காத்திருக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு எரிச்சல் வரும், எனக்கு வரவில்லை. ஓ.பி.ஜி. எடுக்க வெளியே ஸ்கேன் சென்டருக்கு அனுப்புகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கிடையாது. இந்தத் தொகையும் முடியாதவர்களுக்கு அவரே ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும், மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் பார்க்கிற குலசேகரம் பல் மருத்துவக் கல்லூரியையும் சொல்லி அனுப்புகிறார். என் முன்னாலேயே ஒரு அக்காவை அப்படி அனுப்பினார்.

போகிறவர்கள் தினமும் தின்கிற மாத்திரையின் சீட்டையும், பழைய எக்ஸ்ரே இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள். மதியத்துக்கு மேல் மூன்று மணிவாக்கில் கூட்டம் குறைவு.